காலி வானம்

ஷாகுல் ஹமீது கதவைத் தட்டாமல் உள்ளே வந்தபோதே அது நல்ல சேதி இல்லை என்று செண்பகவல்லிக்குத் தெரிந்துவிட்டது. நல்ல சேதியாக இருந்தால் அவன் கதவைத் தட்டி, இரண்டு டீ சொல்லிவிட்டு, ஊர்க்கதை பேசி, சுற்றி வளைத்துத்தான் விஷயத்துக்கு வருவான். மேலப்பாளையத்துப் பையனாக அவளிடம் ஆராய்ச்சிக்கு வந்தவன், இப்போது அவளுக்குச் சமமாக உட்கார்ந்து வாதாடுகிற ஆளாகிவிட்டான். இன்று உட்காரவில்லை.

"அக்கா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது."

"கோவிச்சுக்கிற மாதிரி இருந்தா கோவிச்சுக்கத்தான் செய்வேன். சொல்லு."

"உங்க கசிவு பொய்யிக்கா. அப்படி ஒண்ணு கிடையாது."

இதைச் சொல்ல அவன் என்ன பாடுபட்டிருப்பான் என்பது புரிய வேண்டுமானால் அந்தக் கசிவு என்னவென்று சொல்லியாக வேண்டும். விண்மீன்கள் பிறக்கிற வீடு சூடாக இருக்கும். ஒரு விண்மீன் மண்டலத்தில் புதிது புதிதாக விண்மீன்கள் பிறந்தால், அவற்றில் பெரியவை அவசர அவசரமாக வாழ்ந்து வெடித்துச் சாகும். அந்த வெடிப்பில் சுற்றியிருக்கும் வாயு லட்சக்கணக்கான டிகிரிக்குக் கொதித்து எக்ஸ் கதிர்களை வீசும். ஆகவே பிறப்பு எவ்வளவோ அவ்வளவுக்கு எக்ஸ் கதிரும் இருக்க வேண்டும். அளந்து பார்த்தால் எங்கேயும் அது முழுசாகக் கிடைக்கவில்லை. எல்லா மண்டலங்களிலும் கொஞ்சம் குறைந்தது. உலகமே இதற்காக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது, சின்ன வயதிலேயே செண்பகவல்லிதான் வழி சொன்னாள். கொதித்த வாயு மேலே கிளம்பி, நம் கருவிக்கு எட்டாமல் வெளியே கசிந்து போகிறது என்றாள். அழகான விளக்கம். கேட்டவர்கள் அப்பாடா என்று மூச்சு விட்டார்கள், பாடப்புத்தகத்தில் ஏற்றினார்கள், செண்பகவல்லிக் கசிவு என்று பெயரும் வைத்தார்கள். வீட்டில் குழாய் சொட்டினால்கூட அவளுடைய வீட்டுக்காரர் கோமதிநாயகம், "ஏய், உன் கசிவு வந்திருக்கு பாரு" என்று கேலி செய்வார். அவர் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆயிற்று. கசிவு மட்டும் இன்று மத்தியானம் வரை உயிரோடு இருந்தது.

"எப்படிச் சொல்லுதே?" என்றாள். குரல் இறுகியிருந்தது. கோபம்தான். அதை மறைக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை.

"கசிவுன்னா பெரிய வீட்ல பெருசா, சின்ன வீட்ல சின்னதா இருக்கணும்லாக்கா? நான் எல்லாத்தையும் எடுத்துப் போட்டுப் பாத்தேன். கன்னாபின்னான்னு விண்மீன் பிறக்கிற கேலக்ஸியிலயும் அதே அளவுதான் குறையுது. சோம்பிக் கிடக்கிற கேலக்ஸியிலயும் அதே அளவுதான். இம்மி பிசகலை."

அவள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"மளிகைக் கடையில கால் கிலோ வாங்கினாலும் நூறு கிராம் குறையுது, மூட்டையா வாங்கினாலும் அதே நூறு கிராம்தான் குறையுதுன்னா சரக்குல கோளாறு இல்லக்கா. தராசுலதான் கோளாறு."

வெளியே ஆடிக் காற்று கரிசல் காட்டுப் புழுதியை அள்ளி ஜன்னலில் வீசியது. கோவில்பட்டிக்குத் தெற்கே, பருத்தி விளைந்த மண்ணில், ஆளுயரக் கிண்ணங்களும் வீட்டுயரக் கிண்ணங்களுமாக ஆண்டெனாக்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றன. அந்த வளாகத்தில் ஒரு பாதி செண்பகவல்லியின் ஆராய்ச்சிக்கூடம். மறு பாதி தொடர்பு நிலையம். இரண்டுக்கும் நடுவே ஒரு கேன்டீன்.

"தராசுல எங்க கோளாறு?" என்று கேட்டாள். கேட்கும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. தொழிலில் ஊறினவர்களுக்குச் சில கேள்விகளைக் கேட்டு முடிக்கும் முன்பே பதில் வந்துவிடும். அது ஒரு சாபம்தான்.

"காலி வானம்" என்றான் ஷாகுல்.

எக்ஸ் கதிரில் பார்த்தால் வானம் எங்கும் லேசாக மினுங்கும். அந்த மினுக்கத்தைக் கழித்தால்தான் தூரத்து மண்டலத்தின் ஒளி தனியாகத் தெரியும். அதற்கு ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். எதைப் பார்ப்பதானாலும் முதலில், எதுவுமே இல்லாத ஒரு காலி இடத்தைப் பார்ப்பது. அங்கே கிடைக்கும் மினுக்கத்தை இதிலிருந்து கழிப்பது. எவர் எப்போது தேர்ந்தெடுத்தார் என்று இன்றைக்கு யாராலும் சொல்ல முடியாத ஒரு துண்டு வானம் அந்த வேலைக்கு நிலைத்துவிட்டது. முதல் கருவி அதை வைத்துக் கழித்தது. அடுத்த கருவி, முதல் கருவியோடு ஒத்துப்போக வேண்டுமே என்று அதையே வைத்துக் கழித்தது. பிறகு எல்லாக் கருவிகளும், எல்லா நாட்டுக்காரர்களும் அதையேதான் கழித்தார்கள்.

"அது காலிதானான்னு யாருமே பாக்கலையா?"

"பாத்திருக்காங்கக்கா. எல்லாரும் பாத்திருக்காங்க. நீங்களும் பாத்திருக்கீங்க, நானும் பாத்திருக்கேன். அளந்து, வழக்கம்போலக் காலி வானத்தைக் கழிச்சா பூஜ்யம்னு வருது. வராம? அதுல இருந்து அதையே கழிச்சா பூஜ்யம்தானே வரும்."

யாரும் பொய் சொல்லவில்லை. யாரும் சோம்பேறித்தனம் பண்ணவில்லை. தட்டுக்கு அடியில் கல் ஒட்டியிருக்கிற தராசை வைத்துக்கொண்டு, அந்தத் தராசையும் அதே தராசில் நிறுத்து, சரியாக இருக்கிறது என்று எழுதிவைத்திருந்தார்கள்.

"வேற இடத்தை வச்சுக் கழிச்சுப் பாத்தேன். குறை போயிட்டு. எல்லாக் கேலக்ஸிக்கும் பிறப்புக்குத் தக்க சூடு சரியா வருது. அந்தக் காலி வானம்தான் கொதிக்குது. அதுவும் தூரத்துல எங்கயோ இல்லக்கா. பக்கத்துல. நம்ம சூரியனைச் சுத்தியிருக்கிற குளிர்ந்த வாயு முடியற இடத்துல இருந்தே ஆரம்பிக்குது. என்னைக்கோ நம்ம மண்டலத்துல பிறந்து வெடிச்ச விண்மீன்கள் சுட்டுக் குடைஞ்சு போட்ட பள்ளம். சூடா, வெறுமையா, ஒண்ணுமில்லாம."

இதற்கு மேல் அவன் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய மிச்சம் இரண்டு பேருக்கும் தெரியும். அந்தத் துண்டு வானத்தின் நடுவில் ஒரு சிவப்பு விண்மீன் இருக்கிறது. அந்தி என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தியை நோக்கி ஒரு கப்பல் போய்க்கொண்டிருக்கிறது. அந்தக் கப்பலில் செண்பகவல்லியின் மகள் தமயந்தி இருக்கிறாள்.

கப்பலின் பெயர் தோணி. கிளம்பும்போது அதற்கு வேகம் கொடுக்கத் தரையிலிருந்து என்னென்னவோ செய்தார்கள். போய்ச் சேரும்போது நிறுத்த எரிபொருள் சுமந்துபோக முடியாது. அதனால் காந்தப் பாய் ஒன்றைக் கட்டி அனுப்பினார்கள். அந்தியை நெருங்கியதும் அதை விரித்தால், விண்வெளியில் பரவிக் கிடக்கும் குளிர்ந்த வாயுவைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல வேகம் குறையும், காற்றுக்கு எதிரே குடையை விரித்துக்கொண்டு ஓடினால் கால் தளர்கிற மாதிரி. பிடிக்க வாயு வேண்டும். சுட்டுக் குடைந்த பள்ளத்தில் பிடிப்பதற்கு ஒன்றும் இருக்காது. எந்தத் திசையில் அனுப்பலாம் என்று யோசித்தவர்கள் எக்ஸ் கதிர் வரைபடத்தைப் பார்த்தார்கள். சூடான பள்ளமே இல்லாத இடம், சுத்தமான பூஜ்யம், ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அங்கே அனுப்பினார்கள்.

தோணி நிற்காது. பாயை விரித்தபடியே அந்தியைக் கடந்து போய்க்கொண்டே இருக்கும்.

செண்பகவல்லி எழுந்து ஜன்னலருகே போனாள். கசிவு என்று ஒரு சமாதானத்தை அவள் சொல்லாமல் இருந்திருந்தால், அந்தக் குறை எல்லாரையும் உறுத்திக்கொண்டே இருந்திருக்கும். உறுத்தினால் யாராவது தோண்டியிருப்பார்கள். தோணி கிளம்புவதற்கு முன்பே தோண்டியிருப்பார்கள். அவளுடைய அழகான விளக்கம் எல்லாரையும் தூங்க வைத்துவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா..."

"ஜெசிந்தாகிட்ட நான் சொல்லுதேன். நீ போய்ச் சாப்பிடு."

ஜெசிந்தா தொடர்பு நிலையத்தின் தலைவி. தூத்துக்குடிக்காரி. சத்தம் போட்டுச் சிரிக்கிறவள், சத்தம் போட்டு அழுகிறவள். அன்றைக்கு இரண்டும் இல்லாமல், கேன்டீனின் கடைசி மேசையில் உட்கார்ந்து முழுசையும் கேட்டாள். அவளுடைய அண்ணன் குடும்பமும் தோணியில்தான் இருந்தது.

"திருப்ப முடியாதா?"

"முடியாது."

"இப்பமே பாயை விரிச்சா?"

"இப்ப இருக்கிற இடத்துல வாயு இருக்கு. நிக்கும். எங்க நிக்கும்? நடு இருட்டுல நிக்கும். சூடு காய ஒரு விண்மீன் கிடையாது."

ஜெசிந்தா டீ டம்ளரை நகர்த்தி நகர்த்தி வைத்தாள். "அவங்களுக்கு எப்ப தெரிய வரும்?"

"பாயை விரிக்கிற அன்னைக்கு. அன்னைக்கு நீயும் நானும் இருக்க மாட்டோம். தமயந்தி இருக்க மாட்டா. என் பேத்தி வள்ளி கிழவியா இருப்பா. வள்ளி பெத்த பிள்ளைகளும், அதுக பெத்த பிள்ளைகளும் இருக்கும். சேந்த பொறவு ஒரு தலைமுறைக்குத்தான் கப்பல் தாங்கும். அந்தியில இறங்கி விதைச்சுப் பிழைச்சுக்கிடலாம்னுதானே கணக்கு."

"அப்ப அது வரைக்கும் சந்தோசமா இருப்பாங்க."

"ஆமா."

"சொன்னா?"

"சொன்னா பிள்ளை பெறுகதை நிறுத்துவாக. இருக்கவங்க இருந்து முடிப்பாக."

ஜெசிந்தா நிமிர்ந்து பார்த்தாள். "அக்கா, யோசிச்சுத்தான் பேசுதீங்களா? உங்க பேத்தி வயசுப் பிள்ளைகதான் கடைசின்னா, எல்லாரும் போன பொறவு அதுக மட்டும் அந்தக் கப்பல்ல கெடந்து... கடைசியா ஒரு ஆளு மிஞ்சும். அது வள்ளியா இருந்தா?"

"சொல்லலைன்னா, பட்டினி கிடந்து சாகதுக்குன்னே இன்னும் ரெண்டு தலைமுறையைப் பெத்துப் போடுவாகளே, அது பரவாயில்லையா?"

"நம்ம பேச்சு போய்ச் சேரவே மூணு வருசம். அதுக்குள்ள இன்னும் எத்தனை பிறந்திருக்குமோ." ஜெசிந்தாவின் கண் நிறைந்துவிட்டது. "எங்கண்ணன் மகன் போன தடவை முழு ஜெபத்தையும் மனப்பாடமாச் சொல்லி அனுப்பியிருக்கான். மழலை மாறாம. எங்கம்மா தெனமும் அதைக் கேட்டுட்டுத்தான் படுக்காங்க. அந்தப் பிள்ளைகிட்டப் போய், நீ பிறந்ததே தப்புன்னு சொல்லச் சொல்லுதீங்களா? நிலையத்துல இருந்து இது போகாது. நான் அனுப்ப மாட்டேன்."

செண்பகவல்லி எழுந்தாள். ஜெசிந்தா அவள் கையைப் பிடித்தாள்.

"குடும்பங்க அனுப்புற பேச்சை நான் கேக்கறதில்ல. அது உங்களுக்கே தெரியும்" என்றாள், மேசையைப் பார்த்துக்கொண்டு. "இனியும் கேக்க மாட்டேன்."

சுமையை இறக்கி வைக்கத் தெரியாமல் ஜெசிந்தா அதை இன்னொருத்தி தலையில் ஏற்றிவிட்டாள். செண்பகவல்லி அவளைக் குறை சொல்லவில்லை. தானாக இருந்தாலும் அதையேதான் செய்திருப்பாள்.

தோணியோடு பேசுவது குடும்பத்துக்குக் குடும்பம் முறை வைத்துத்தான். படம் கிடையாது, குரல் மட்டும். அவ்வளவு தூரத்திலிருந்து அதற்குத்தான் வழி இருந்தது. இங்கே பேசினது அங்கே போக மூன்று வருஷம், அங்கே பேசினது இங்கே வர மூன்று வருஷம். கேள்விக்குப் பதில் வருவதற்குள் கேட்டவளுக்கே கேள்வி மறந்துவிடும். ஆகவே யாரும் கேள்வி கேட்பதில்லை. இவர்கள் இவர்கள் கதையைச் சொன்னார்கள், அவர்கள் அவர்கள் கதையைச் சொன்னார்கள்.

தமயந்தி போவேன் என்று நின்றபோது செண்பகவல்லி சண்டை போட்டாள். கோமதிநாயகம் போடவில்லை. மின்வாரியத்தில் வேலை பார்த்த மனிதர். ஒரு பதிவுக் கருவியை எப்போதும் சட்டைப் பையில் வைத்திருப்பார். மகள் பிறந்த நாளிலிருந்து அவள் பின்னாலேயே அதைத் தூக்கிக்கொண்டு திரிந்தார். பிள்ளை எதையாவது உளற ஆரம்பிக்கும். நிறுத்தினால் இவர் மெல்லிய குரலில், "ம்... பொறவு?" என்பார். அது மேலே உளறும். "ம்... பொறவு?" குழம்பு கொதிக்கிற நேரத்தில் அடுக்களையிலிருந்து கேட்கும்போது செண்பகவல்லிக்குச் சிரிப்பாகவும் எரிச்சலாகவும் இருக்கும். தோணிக்குக் கொண்டுபோக ஒவ்வொருவருக்கும் ஒரு கையடக்கப் பெட்டிதான் அனுமதி. அந்தப் பதிவுகளை எல்லாம் அதில் போட்டு மகளிடம் கொடுத்துவிட்டார். ஒரு நகல் வைத்துக்கொள்ளக் கூடாதா என்று அவள் கேட்டதற்கு, "நமக்குத்தான் எல்லாம் ஞாபகம் இருக்கே" என்றார். மகள் போன பிறகு அந்த மனிதர் வெகுநாள் இருக்கவில்லை.

தோணியில் பிள்ளை பெறுவதற்கும் முறை உண்டு. தமயந்தியின் முறை வந்தது, பெண் பிறந்திருக்கிறாள், உன் பெயரில் பாதியை வைத்திருக்கிறேன், வள்ளி என்று, அம்மா... இந்தச் செய்தி வந்த அன்று செண்பகவல்லி வளாகம் முழுவதற்கும் லட்டு கொடுத்தாள். பிறகு வள்ளியின் அழுகை வந்தது, வள்ளியின் சிரிப்பு வந்தது. கடைசியாக வந்த பேச்சில் வள்ளி ஒரு கதை சொன்னாள். ஒரு ஊரில் ஒரு பூனைக்குட்டி இருந்ததாம். அது மாவு மில்லுக்குள்ளே போய்விட்டதாம். உடம்பெல்லாம் மாவாம். வெள்ளை வெளேரென்று வீட்டுக்கு வந்ததாம். அம்மா பூனைக்கு அடையாளமே தெரியவில்லையாம். அதோடு நின்றுவிட்டது. ஒவ்வொரு வரிக்கும் நடுவே நிறுத்தி, யோசித்து, மறுபடி ஆரம்பிக்கிற அழகைக் கேட்டு செண்பகவல்லி பூரித்துப்போனாள். பூனையையும் பார்த்ததில்லை, மாவு மில்லையும் பார்த்ததில்லை, கதையைப் பார் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். குரல் அச்சு அசல் தமயந்திதான் என்றும் சொன்னாள். கேட்டவர்கள் எல்லாரும் ஆமாம் என்றார்கள்.

அவளுடைய முறை அடுத்த வெள்ளிக்கிழமை. அதுவரைக்கும் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்தாள். காய் நறுக்கும்போது பார்த்தாள், பஸ்ஸில் பார்த்தாள். தமயந்தி, அம்மா பேசுகிறேன், அந்தக் கப்பல் நிற்காது. இதற்கு மேல் ஒரு வார்த்தையும் வரவில்லை. இனிமேல் பிள்ளை பெறாதீர்கள் என்று ஒரு தாய் எந்த வாயால் சொல்வாள்? வள்ளியைப் பற்றி என்ன சொல்வாள்? சொல்லாமல் இருந்துவிடலாம் என்று ஒரு மனம் சொன்னது. உடனே, பெயர் தெரியாத ஏதோ ஒரு பேரப்பிள்ளையின் பிள்ளை இருட்டில் பசித்துக் கிடப்பது கண்முன் வந்தது. சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் போனாள். பதிவறையில் ஏசி ஓடவில்லை, ஜன்னல்களைத் திறந்து போட்டிருந்தார்கள். ஷாகுல் துணைக்கு வந்திருந்தான்.

"பேசறதுக்கு முன்னால வள்ளி கதையை ஒரு தடவை கேட்டுக்கிடுதேன்" என்றாள்.

அவன் எடுத்துக் கொடுத்தான். சுத்தமான குரல். நிலையத்தில் ஒரு வழக்கம் உண்டு. தோணியிலிருந்து வருவதில் கப்பலின் இரைச்சல், மற்றச் சத்தங்கள் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, பேசுகிறவர் குரலை மட்டும் குடும்பத்துக்குக் கொடுப்பார்கள். குடும்பங்கள் அதைத்தான் விரும்பின. அவளும் விரும்பியிருந்தாள். இன்று அந்தச் சுத்தம் அவளுக்குக் குமட்டியது.

"கழிக்காதது இருக்கா?"

"எதுக்குக்கா? ஒரே இரைச்சலா இருக்கும்."

"இருக்கட்டும். இனிமே கழிச்சது எதையும் நான் நம்பதா இல்ல. என் பிள்ளை இருக்கிற கப்பல் எப்படி இரையுதுன்னாவது கேக்கேன்."

ஷாகுல் மூலப் பதிவைத் தேடி எடுத்து வைத்துவிட்டு டீ வாங்கப் போனான். அவள் காதில் மாட்டிக்கொண்டாள். உம்மென்று ஒரே சீரான ரீங்காரம். அதற்குள்ளே வள்ளி. ஒரு ஊர்ல ஒரு பூனைக்குட்டி இருந்துச்சாம். கொஞ்ச நேரம் கேட்டதும் காது ரீங்காரத்துக்குப் பழகிவிட்டது. அடியில் வேறு ஏதோ இருப்பது போலிருந்தது. பிரமை என்று நினைத்தாள். ஆனால் அடியில் இருப்பதைத் தோண்டி எடுப்பதுதான் அவள் பிழைப்பு. குழந்தை பேச ஆரம்பிக்கும் முன், தொடக்கத்தில் வெறும் ரீங்காரம் மட்டும் இருந்த ஒரு சின்னத் துண்டை எடுத்தாள். அதில் வேறு எதுவும் இல்லை என்று பலமுறை கேட்டு உறுதி செய்துகொண்டாள். பிறகு அதை மட்டும் கழித்தாள்.

முதலில் ஒரு காக்காய் கரைந்தது.

ஜன்னலுக்கு வெளியே கரைகிறது என்று நினைத்துக் காதிலிருந்து எடுத்தாள். வெளியே காற்று மட்டும்தான் இருந்தது. மறுபடி மாட்டினாள். காக்காய் மறுபடியும் கரைந்தது. விண்மீன்களுக்கு நடுவே போய்க்கொண்டிருக்கும் தோணிக்குள் ஒரு காக்காய். எங்கோ குக்கர் விசில் அடித்தது.

"ஒரு ஊர்ல ஒரு பூனைக்குட்டி இருந்துச்சாம்" என்றது குழந்தை. நிறுத்தியது. யோசிக்கிறாள் என்று அவள் பூரித்துப்போன அந்த இடைவெளியில், வெகு தூரத்திலிருந்து வருவது போல, ஓர் ஆண்குரல் கேட்டது.

"ம்... பொறவு?"

"மாவு மில்லுக்குள்ள போயிட்டாம்."

"ம்... பொறவு?"

செண்பகவல்லி வாயைப் பொத்திக்கொண்டாள். வள்ளி என்று ஒருத்தி கிடையாது. எப்போதும் இருந்ததில்லை. அந்த அழுகையும், அந்தச் சிரிப்பும், இந்தக் கதையும், எல்லாம் இங்கே, இந்த ஊரில், அவள் குழம்பு வைத்துக்கொண்டிருந்த வீட்டில் பதிந்தவை. அவள் மறந்துபோன மத்தியானங்கள். அவற்றைக் கப்பல் இரைச்சலில் முக்கி எடுத்து மகள் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கிறாள்.

ஏன் என்று யோசிக்க அதிக நேரம் ஆகவில்லை. கப்பலின் மூக்கில் வாயுவை அளக்கும் கருவி உண்டு. முன்னால் இருக்கும் சூட்டை அவர்கள் எதையும் கழிக்காமல் நேரே பார்த்திருப்பார்கள். இவர்களுக்கு இன்று தெரிந்தது அவர்களுக்கு என்றைக்கோ தெரிந்துவிட்டது. கூடிப் பேசியிருப்பார்கள். பிள்ளை பெறுவதை நிறுத்தியிருப்பார்கள். இதைத் தரையில் இருக்கும் கிழடுகளுக்குச் சொல்லி என்ன ஆகப்போகிறது, அவர்களாவது சந்தோஷமாக இருக்கட்டும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். அங்கேயும் ஒரு ஜெசிந்தா இருந்திருப்பாள். எல்லாரும் பெட்டிகளைத் திறந்து பழைய குரல்களைத் தேடியிருப்பார்கள். ஜெசிந்தாவின் அண்ணன் மகன் சொன்ன ஜெபமும் அப்படித்தான் வந்திருக்கும். அந்த மழலை அவளுடைய அண்ணனுடையதாகவே இருக்கும்.

அவளுக்கு அழுகை வந்தது. அடக்காமல் அழுதாள். இல்லாத பேத்திக்காகத்தான் முதலில் அழுதாள். பிறகுதான் மகள் நினைவு வந்தது. ஆளே குறைந்துகொண்டு வரும் ஒரு கப்பலில் உட்கார்ந்து, தகப்பன் குரலைக் கேட்டுக் கேட்டு, அதைப் பதமாக அமுக்கி மறைத்து, அம்மாவுக்காக ஒரு குழந்தையைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தவள். அதற்கு எத்தனை நாள் ஆகியிருக்கும்?

ஷாகுல் டீயோடு வந்தபோது கண்ணைத் துடைத்திருந்தாள்.

"என்னக்கா? என்ன கேட்டீங்க?"

"கப்பல் சத்தம்தான்." கருவியை அணைத்தாள். "ஷாகுல், இந்தக் கழிக்காத பதிவெல்லாம் யாரும் கேக்கதுண்டா?"

"யாரு கேக்கப் போறா? ஜெசிந்தா மேடத்தோட அம்மா ஒருதடவை கேட்டாங்க, கொடுக்கட்டுமான்னு..."

"கொடுக்காதே. பாவம், இரைச்சல். வயசானவுக காதுக்கு ஆகாது."

சொல்லும்போதே, தோணியில் அன்று பேசிய அந்த யாரோ ஒருத்தரின் வார்த்தைகள் தன் வாயில் வந்துவிட்டதை உணர்ந்தாள். வேறு வழி தெரியவில்லை.

"பேசுதீங்களாக்கா?" என்றான் அவன், மெதுவாக. அவள் என்ன சொல்லப் போகிறாள் என்பது தெரியும் என்று அவன் நினைத்திருந்தான். அவனும் அழத் தயாராக இருந்தான்.

"பேசுதேன்."

சிவப்பு விளக்கு எரிந்தது. செண்பகவல்லி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"ஏட்டி தமயந்தி, அம்மா பேசுதேன். நல்லா இருக்கேன். ஆடிக் காத்து பிச்சு எடுக்குது. வள்ளி சொன்ன கதையைக் கேட்டேன்ட்டி. பாதியில விட்டுட்டா. அம்மா பூனைக்கு அடையாளம் தெரியலைன்னு நிறுத்திட்டா. மிச்சக் கதை எனக்குத் தெரியும், கேளு. அம்மா பூனை அந்தக் குட்டியைப் பக்கத்துல இழுத்து நக்கிப் பாத்துச்சாம். மாவெல்லாம் போயிட்டாம். பாத்தா, தான் பெத்த குட்டிதானாம். அம்மா பூனைக்கு எல்லாம் தெரிஞ்சு போச்சாம். தெரிஞ்சும் ஒண்ணும் கேக்கலையாம். மடியில படுக்கப் போட்டுக்கிச்சாம்."

முறை நேரம் இன்னும் மிச்சமிருந்தது. சொல்ல வேறு எதுவும் இல்லை. விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. ஜன்னலுக்கு வெளியே, கேன்டீன் எச்சில் இலைத் தொட்டியின் மேல் ஒரு காக்காய் வந்து உட்கார்ந்து கரைந்தது. செண்பகவல்லி அது கரைந்து முடிக்கும் வரை காத்திருந்தாள். அப்புறம் ஒலிவாங்கியை விட்டுக் கொஞ்சம் விலகி, மெல்லிய குரலில் சொன்னாள்.

"ம்... பொறவு?"

விளக்கு அணைந்தது. ஷாகுலுக்கு ஒன்றும் புரியவில்லை. அந்தச் சேதியை அவள் ஏன் சொல்லவில்லை என்று கேட்க அவனுக்கு வாய் வரவில்லை. எதையாவது செய்ய வேண்டுமே என்று பதிவை ஓட்டிப் பார்த்தான்.

"அக்கா, கடைசியில காக்கா கத்தினது விழுந்திருக்கு. எடுத்துட்டு அனுப்பவா?"

"வேண்டாம்" என்றாள் செண்பகவல்லி. "அப்படியே போகட்டும்."